எந்த மார்க் மண்வெட்டி வாங்கலாம்? கும்புறுபிட்டி வெங்காயச் செய்கையாளருக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். திருகோணமலைப் பக்கம் கும்புறுபிட்டியில் அரை ஏக்கரில் சின்ன வெங்காயம் செய்கிறேன். தம்பலகாமத்தில் 2 ஏக்கர் வயலும் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். போன போகத்தில் விலை குறைவு என்று மூன்று மண்வெட்டி வாங்கினேன். இரண்டின் வாய் சுருண்டுவிட்டது. மற்றது பிடி போடும் வளையத்தடியில் பிளந்துவிட்டது. இப்போது ஹாட்வெயார் கடையில் முதலை மார்க், டாட்டா அக்ரிகோ, பெயரில்லாத மலிவுச் சாமான் என்று மூன்றையும் எடுத்துப் போடுகிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். கூடக் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா? கத்தி, தாக்கத்தி எதில் வாங்கலாம்? மச்சான் சுவிஸில் இருந்து வரப்போகிறார், அங்கிருந்து ஏதும் கொண்டுவரச் சொல்லலாமா? வளவில் எலுமிச்சையும் மாவும் நிற்கின்றன.

பதில்: தம்பி, பழுதாய்ப்போன அந்த மூன்று மண்வெட்டியையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்குப் போகும் முன் அவற்றை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அவையே காட்டும்.

வாய் சுருண்டது என்றால் அது மெதுவான இரும்பு. கதவு, கம்பி செய்கிற சாதாரண இரும்பில் கரிச்சத்து (காபன்) ஏறக்குறைய 0.2 சதவீதம்தான். அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் வாய் கடினமாகாது. நல்ல மண்வெட்டிக்கு அதைவிடக் கரிச்சத்துக் கூடிய உருக்கு வேண்டும். அதைக் காய்ச்சி அடித்து, தோய்த்து, பிறகு மெல்லிய சூட்டில் பதப்படுத்துவார்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் கடினமாக இருக்கும், ஆனால் கல்லில் பட்டதும் வாய் துண்டாகத் தெறிக்கும். லொறி வில்லுத் தகட்டின் உருக்கில் கரிச்சத்து ஏறக்குறைய 0.6 சதவீதம். நம் கொல்லர்கள் பழைய வில்லைத் தேடி வாங்குவது இதனால்தான்.

பிளந்தது வேறு கதை. தகடு ஒரு துண்டு, பிடி போடும் வளையம் இன்னொரு துண்டு, இரண்டையும் வெல்டிங் பிடித்து ஒட்டியிருப்பார்கள். நீங்கள் ஓங்கிப் போடும் ஒவ்வொரு வெட்டின் பாரமும் அந்த ஒட்டில்தான் விழுகிறது. பெயின்ட் பூசியிருப்பதால் கடையில் அது தெரியாது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடையில் பளபளப்பைப் பார்த்து இப்படி ஒன்றை வாங்கினேன். முதல் கிழமையிலேயே தகடு கழன்று பக்கத்தில் நின்றவரின் காலடியில் போய் விழுந்தது. காயம் இல்லை, ஆனால் அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது வளையத்தைத்தான்.

சரி, மார்க்குக்கு வருவோம். முதலை மார்க் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துச் சில்லிங்டன் கம்பனியின் பழைய மார்க். தகடும் வளையமும் ஒரே உருக்குத் துண்டில் காய்ச்சி அடித்து எடுத்தவை என்பதுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. டாட்டா அக்ரிகோ இந்தியாவின் டாட்டா ஸ்டீல் கம்பனியுடையது, 1920களில் இருந்து வருகிறது. இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை. இந்த இரண்டுக்குள் எது பெரியது என்று அடிபடுவதில் எனக்கு விருப்பமில்லை. உங்கள் கைக்கும் மண்ணுக்கும் பொருந்துகிற எடையும் அகலமும் எதில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இந்த இரண்டுக்கும் பெயரில்லாததுக்கும் இடையில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ஆனாலும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பேர்போன மார்க் எதற்கும் போலி வரும். ஸ்ரிக்கரில் இருக்கும் படத்தைக் கணக்கெடுக்காதீர்கள். மார்க் இரும்பிலேயே ஆழமாக அடித்திருக்க வேண்டும், எழுத்து விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். வளையத்தின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள். தகட்டைக் கயிற்றில் தூக்கி ஒரு ஆணியால் தட்டினால் மணிபோலக் கணீரென்று கேட்க வேண்டும். அடைத்த சத்தம் வந்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கலாம். அப்புறம் அரம். கடைக்காரரிடம் கேட்டு, வாயின் ஓரத்தில் மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல அரம் இறங்கினால் மெது இரும்பு. கொஞ்சம் வழுக்கி, பிறகு அடம்பிடித்துக் கடித்தால் நல்லது. கடிக்கவே மாட்டேன் என்று கண்ணாடியில் போல வழுக்கினால் அதுவும் வேண்டாம், அது தெறிக்கும். அரம் போட விடாத கடையில் மண்வெட்டி வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு ஒரே மண்வெட்டி போதாது. கும்புறுபிட்டி மணலும் தம்பலகாமத்துக் களியும் ஒன்றல்ல. வெங்காயப் பாத்தி கட்டவும் வாய்க்கால் இழுக்கவும் 2 இறாத்தல் எடையில் அகலமான, மெல்லிய தகடு போதும். மணலில் பாரமான மண்வெட்டி உங்கள் தோளைத்தான் வெட்டும். ஆனால் மணல் அரத்தைப்போல வாயைத் தேய்க்கும். ஆகவே மணல் வேலைக்கு எடுப்பதில் உருக்கின் தரம் இன்னும் முக்கியம். ‘மணல்தானே, மலிவுச் சாமான் போதும்’ என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வரம்பு செருக்கவும் களி வெட்டவும் 3 இறாத்தல் அளவில் கொஞ்சம் ஒடுங்கிய, தடித்த தகடு எடுங்கள். அகலத் தகடு களியில் இறங்காது, இறங்கினாலும் தூக்க முடியாது.

விலைக் கணக்கை இப்படிப் போடுங்கள். மலிவு மண்வெட்டி 1500 ரூபாய், நல்லது 4000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மலிவானது 2 போகம் தாங்கினால் போகத்துக்கு 750 ரூபாய். நல்லது 8 போகம் தாங்கினால் போகத்துக்கு 500 ரூபாய். ஆனால் மழையில் போட்டு, துருப்பிடிக்க விட்டு, அதை 4 போகத்தில் முடித்துவிட்டால் போகத்துக்கு 1000 ரூபாய் ஆகிவிடும். பராமரிக்காதவருக்கு நல்ல மண்வெட்டி நட்டம்தான். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மழுங்கின வாயால் ஒரு ஆளுக்கு நாளுக்கு 1 மணித்தியாலம் வீண் போனால், 10 நாளில் 10 மணித்தியாலம். அது 8 மணித்தியாலக் கூலியில் ஒன்றேகால் நாள். இன்றைய நாட்கூலியை அதில் போட்டுப் பாருங்கள், மண்வெட்டியின் விலை வித்தியாசம் சின்னதாகிவிடும்.

பராமரிப்பு என்றதும் எண்ணெய் பூசுவதை மட்டும் சொல்லவில்லை. முதலில் பிடி. ஆடுகிற பிடியை இறுக்க மண்வெட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைப்பது நம் பக்கத்தில் பழக்கம். அன்று இறுகும், உண்மைதான். ஊறின மரம் வளையத்துக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட மெலிந்துபோகும். அடுத்த கிழமை இன்னும் கூட ஆடும், வளையத்துக்குள் துருவும் ஏறும். நன்றாகக் காய்ந்த மரத்தில் பிடி போட்டு, ஆப்பு அடித்து இறுக்குங்கள். விண்ணாங்கு மரம் கிடைத்தால் அதைவிட நல்ல பிடி வேண்டாம், அதிர்ச்சியைத் தாங்கும். எந்த மரமானாலும் நார் நெடுக ஓடியிருக்க வேண்டும், குறுக்கே ஓடினால் முறியும்.

அடுத்தது, தயவுசெய்து வெல்டிங் கடையில் கொடுத்து கிரைண்டரில் தீட்டாதீர்கள். நல்ல மண்வெட்டிகள் கெட்டுப்போவதில் இது முக்கியமான வழி. கிரைண்டர் படும்போது வாய் நீல நிறமாக மாறினால், அந்த இடத்தில் சூடு ஏறக்குறைய 300 பாகைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். கம்பனி பதப்படுத்திக் கொடுத்த கடினம் அங்கே போய்விடும், பிறகு மலிவு மண்வெட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தட்டை அரம் ஒன்று வாங்கி, ஒரே பக்கத்தில் சாய்வாக, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தித் தீட்டுங்கள். காலையில் ஐந்து நிமிடம் போதும்.

கடற்கரையில் துரு வேறு ஒரு எதிரி. திருகோணமலைக் கரையில் உப்புவெளி என்று ஒரு ஊருக்கே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் காற்றுத்தான் உங்கள் தோட்டத்திலும் அடிக்கிறது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு வாளியில் காய்ந்த மணலும் கொஞ்சம் ஒயிலும் கலந்து வைத்து, தகட்டை அதற்குள் நாலைந்து தரம் குத்தி எடுங்கள். மண்ணும் போகும், மெல்லிய ஒயில் படையும் ஒட்டும். சொட்டச் சொட்டப் பூச வேண்டாம், அது வெங்காயப் பாத்திக்குள் போய்ச் சேரும்.

கத்திக்கு நான் மார்க் தேடச் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரிந்த கொல்லரிடம் வில்லுத் தகட்டில் அடிப்பியுங்கள். கைப்பிடி உங்கள் கைக்கு அளவாக வரும், வாய் போனால் அவரே திரும்பத் தோய்த்துத் தருவார். கடைக் கத்திக்கு அந்த வசதி கிடையாது. தாக்கத்தியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வயலில் பெரும்பகுதியை மெஷின் அறுத்துவிடுகிறது, மூலையிலும் வரம்போரத்திலும் நிற்பதை அறுக்கத்தான் அது. பல் வெட்டின தாக்கத்தி மலிவானதே போதும். அதைத் தட்டை அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

மச்சானிடம் மண்வெட்டி கேட்காதீர்கள். பெட்டியில் பாரம், பெரும்பாலும் பிடியும் நம் பழக்கத்துக்கு வராது. அவர் இருக்கிற நாட்டுச் சாமான் ஒன்று இருக்கிறது, ஃபெல்கோ கிளை வெட்டும் கத்தரி. ஃபெலிக்ஸ் ஃப்ளிஷ் என்பவர் 1945இல் தொடங்கிய கம்பனி அது. விலை கூடத்தான். ஆனால் அலகு, சுருள்வில்லு, ஆணி எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம், அதனால் ஒரு கத்தரி பல வருடம் ஓடும். எலுமிச்சையிலும் மாவிலும் மழுங்கின கத்தியால் கிளையை நசுக்கி வெட்டினால் காயம் ஆறாமல் நோய் ஏறும். சுத்தமாக வெட்டுகிற கத்தரி அங்கே தன் விலையைக் கொடுத்துவிடும். உதிரி அலகு ஒன்றும் சுருள்வில்லு ஒன்றும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கே தேடி அலையாமல் இருக்கலாம். கூடவே வல்லோர்ப் மார்க் அரம் இரண்டு. அதுவும் சுவிஸ்தான், பாரமும் இல்லை. கத்தரியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இப்போதைக்குக் கையில் உள்ள காசுக்கு ஒன்றுதான் நல்லதாக வாங்கலாம் என்றால், வெங்காயத்துக்கான 2 இறாத்தல் மண்வெட்டியை முதலில் எடுங்கள். அதுதான் தினமும் உங்கள் கையில் இருக்கும். வரம்பு வேலைக்கு, சுருண்ட இரண்டில் தடித்ததைக் கொல்லரிடம் கொண்டுபோய் வாயில் வில்லுத் துண்டு வைத்து அடித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பிளந்ததை மட்டும் ஒட்டிப் பாவிக்க வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்கிற வேலை அது.