ஸ்பேர் சாவிக்கு நாமே கோடிங் போடலாமா?

கார் பக்கம்: வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் சாவி, ரிமோட் பற்றிய கேள்விகள் மட்டும்.

என் காருக்கு ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது. ஆன்லைனில் ரிமோட்டோடு ஃபிளிப் கீ விற்கிறார்கள். வாங்கி, வீடியோ பார்த்து நானே கோடிங் போட்டுக்கொள்ளலாமா (அதாவது, புதுச் சாவியை வண்டியில் பதியலாமா)?
– வாசகர், ஈரோடு

பார்க்க ஒரு சாவிதான், ஆனால் உள்ளே மூன்று தனித்தனிச் சமாசாரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது.

முதலாவது, பூட்டைத் திருப்பும் பிளேடு. இரண்டாவது, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சிப். சிறு கண்ணாடிக் குழாயாகவோ, 12 மில்லிமீட்டர் நீளக் கறுப்புக் கட்டியாகவோ இருக்கும். இதற்குச் செல் வேண்டாம். இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு காயில் உண்டு. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அலை விடும். அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் பொருந்தாவிட்டால் இன்ஜின் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும், சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது. மூன்றாவது, கதவைத் திறந்து மூடும் ரிமோட். செல்லில் ஓடுவது இது ஒன்றுதான். இந்தியாவில் விற்கும் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்.

‘நீங்களே செய்யலாம்’ என்று வீடியோக்களில் காட்டுவது அநேகமாக மூன்றாவதை மட்டும்தான், அதுவும் சில மாடல்களுக்குத்தான். மாருதி, ஹூண்டாய் போன்றவற்றில் சிப்பைப் பதிய ஸ்கேனரும் (வண்டியின் கணினியோடு பேசும் கருவி) அந்த வண்டிக்கான ரகசிய எண்ணும் (PIN) வேண்டும். ஹூண்டாயில் அது ஆறு இலக்க எண். மூன்று முறை தவறாகப் போட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கும். வண்டியின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் முந்நூறு ரூபாய் புளூடூத் ஓ.பி.டி. டாங்கிள் இந்த வேலைக்கு ஆகாது, எர்ரர் கோட் படிப்பதோடு சரி.

வாங்கும்போது விளம்பரத்தின் கடைசி வரிவரை படியுங்கள். மலிவாக இருப்பவற்றில் பாதி வெறும் ஷெல். உள்ளே சர்க்யூட்டும் இருக்காது, சிப்பும் இருக்காது. பழைய சாவியின் பின்பக்கத்திலுள்ள பார்ட் நம்பர், அலைவரிசை, சிப் வகை (46, 47, 4டி என்று சொல்வார்கள்), பிளேடின் வெட்டு வடிவம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் கீ மேக்கர் கையை விரித்துவிடுவார்.

உங்களுக்கு எங்கள் யோசனை: இருக்கிற ஒரு சாவி உயிரோடு இருக்கும்போதே கீ மேக்கரிடமோ சர்வீஸ் சென்டருக்கோ போய்விடுங்கள். அதுவும் தொலைந்தால் வேலை இரட்டிப்பாகும், வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் செலவு தனி. முதலில் பிளேடை வெட்டச் சொல்லி, கதவிலும் இக்னிஷனிலும் இறுக்கமில்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். சிப் அதற்கு அப்புறம், ரிமோட் கடைசி. சோதிக்கும்போது பழைய சாவியை வண்டிக்கு வெளியே தள்ளி வையுங்கள். அது காயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் புதுச் சாவியில் சிப் பதியாவிட்டாலும் இன்ஜின் ஓடும். கடையில் ‘ஓடிய’ சாவி வீட்டில் ஓடாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஃபோர்டு ஃபிகோ, பழைய மாடல். புது ரிமோட் வாங்கிவிட்டேன். பதியும் முறை என்ன?
– வாசகர், திருச்சி

ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. ஃபியெஸ்டா மாடலின் வழி வந்த பழைய ஃபோர்டுகளில் ரிமோட்டுக்கு ஸ்கேனர் தேவையில்லை.

கதவுகளை மூடிவிட்டு எல்லா ரிமோட்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் சாவியை இக்னிஷனில் போட்டு, 6 விநாடிக்குள் நான்கு முறை இரண்டாம் நிலைக்குக் கொண்டுபோங்கள். டேஷ்போர்டு விளக்குகள் எரியும் நிலைதான் அது, ஸ்டார்ட் வரை திருப்பக் கூடாது. பிறகு இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். ஒரு ஒலி கேட்கும். அதிலிருந்து 10 விநாடி அவகாசம். புது ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள், பதிந்ததற்கு மறுபடி ஒலி வரும். உடனே பழைய ரிமோட்டிலும் அதையே செய்யுங்கள். இந்தப் பழைய ரிமோட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மறந்தால் புதியது வேலை செய்யும், பழையது ஊமையாகிவிடும். கடைசியில் இக்னிஷனை மறுபடி ஆன் செய்தால் பதிவு முடிந்தது.

ஒலியே வரவில்லையென்றால் பெரும்பாலும் திருப்பிய வேகம் போதவில்லை, அல்லது ஒவ்வொரு முறையும் முழுக்க ஆஃபுக்கு வரவில்லை. ஒலி வந்தும் ரிமோட் பதியவில்லையென்றால் செல்லையும் அலைவரிசையையும் சந்தேகியுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் உங்கள் மாடலுக்கான முறையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சிப் வேறு கதை. ஃபோர்டுகளுக்கான ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் சாவிகளை அழித்துப் பதியும் வசதி உண்டு. லேப்டாப்பும் தரமான அடாப்டரும் வேண்டும். ஆனால் அழித்த பிறகு குறைந்தது இரண்டு சாவிகளைப் பதிந்தால்தான் வண்டி கிளம்பும். ஒரே சாவியை வைத்துக்கொண்டு ‘அழி’ என்று சொன்னவர் வண்டியை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டியதுதான். வேலை நடக்கும்போது கார் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது, லேப்டாப்பும் சார்ஜரில் இருக்கட்டும்.

இங்கே என் ஃபோர்டில் இரண்டு சாவிகளும் இருக்கின்றன. மூன்றாவதை டீலரிடம் போகாமலே பதியலாம் என்கிறார்களே?
– வாசகர், டொராண்டோ

சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் வண்டியென்றால் பதியலாம். வட அமெரிக்க ஃபோர்டு கையேடுகளிலேயே இந்த முறை அச்சாகியிருக்கிறது. இதில் பதிவது சிப். ஏற்கெனவே பதிந்த இரண்டு வெவ்வேறு சாவிகள் கட்டாயம் வேண்டும்.

முதல் சாவியைப் போட்டு ஆன் செய்து, 3 விநாடிக்குக் குறையாமல் 10 விநாடிக்கு மிகாமல் வைத்திருந்து, ஆஃப் செய்து எடுங்கள். 10 விநாடிக்குள் இரண்டாவது சாவியைப் போட்டு அதேபோல் செய்து எடுங்கள். அடுத்த 20 விநாடிக்குள் வெட்டி வைத்த புதுச் சாவியைப் போட்டு ஆன் செய்து, 3 விநாடிக்கு மேல் வையுங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தால் பதிந்தது, வேகமாக மின்னினால் பதியவில்லை. எட்டுச் சாவிவரை பதியலாம். மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டு செய்யாதீர்கள். பக்கத்துச் சிப்பின் பதில் குறுக்கே விழுந்து குழப்பும்.

சாவியின் கவர் உடைந்ததால் புது ஷெல் வாங்கி மாற்றினேன். கதவு திறக்கிறது, மூடுகிறது. இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. சர்க்யூட் போய்விட்டதா?
– வாசகர், நாகர்கோவில்

போகவில்லை. உங்கள் சிப் பழைய ஷெல்லுக்குள் இருக்கிறது. குப்பையில் போட்டிருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

பல சாவிகளில் சிப் சர்க்யூட் பலகையில் இருக்காது, ஷெல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் குழியில் பசை போட்டு ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் துண்டு என்று நினைத்து விட்டுவிடுவோம். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, மெல்லிய கத்தியால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைச் சீவி எடுங்கள். சிப்பை நேராக நெம்பக் கூடாது, கண்ணாடி வகை பட்டென்று உடையும். புது ஷெல்லில் அதே இடத்தில், அதே திசையில் வைத்து ஒரு சொட்டுப் பசை போதும். கோடிங் எதுவும் வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வந்த வாகனம். ஸ்மார்ட் திறப்பு (சாவி) ஒன்றுதான் தந்தார்கள். பாவித்த திறப்பொன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அப்படியே வாங்கினால் காசு வீண் போக வாய்ப்பு அதிகம். பெரும்பாலான ஸ்மார்ட் திறப்புகள் முதல் வாகனத்தோடு பதிந்ததும் உள்ளே பூட்டிக்கொள்ளும், வேறு வாகனத்தை ஏற்காது. அந்தப் பூட்டை நீக்கி ‘விர்ஜின்’ ஆக்கித் தரும் கருவி சில திறப்பு வேலைக்காரரிடம் உண்டு. விற்பவர் அதைச் செய்து, உங்கள் வாகனத்தில் பதிந்து காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

அலைவரிசையும் முக்கியம். ஜப்பான் உள்நாட்டு வாகனங்கள் 315 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பேசும். ஐரோப்பா, இந்தியாவுக்கான திறப்புகள் 433இல் பேசும். வெளித்தோற்றம் அச்சாக ஒன்றாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று உதவாது. பொத்தான்களின் எண்ணிக்கையை நம்பாமல், திறப்பைப் பிரித்து உள்ளிருக்கும் பலகையில் அச்சிட்ட எண்ணை ஒப்பிடுங்கள்.

ஷோரூமில் வாங்கிய வண்டியில் ரிமோட் இல்லை. வெளியே சென்ட்ரல் லாக் போட்டோம். அந்த ரிமோட்டுக்கும் இவ்வளவு கஷ்டமா?
– வாசகர், மதுரை

இல்லை, இதுதான் இருப்பதிலேயே சுலபம். டேஷ்போர்டுக்கு அடியில் அந்த சென்ட்ரல் லாக் கம்பெனியின் பெட்டி இருக்கும். அதில் ஒரு சின்ன லேர்ன் பட்டனோ, தனியாக ஒரு வேலட் சுவிட்சோ உண்டு. பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டில் எத்தனை முறை அழுத்துவது என்று போட்டிருக்கும். விளக்கு எரிந்ததும் புது ரிமோட்டை அழுத்தினால் பதிந்துவிடும். அதே கம்பெனி, அதே மாடல் ரிமோட்டாக வாங்குங்கள். இந்தப் பெட்டிகளில் ரிமோட்டுகளைப் பதிய இடம் குறைவு. நிறைந்த பிறகு ஒன்றைச் சேர்த்தால் பழையது ஒன்று வெளியேறும். வண்டியின் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பேரன் ரிமோட்டை வீட்டில் வைத்து நாள் முழுக்க அழுத்தி விளையாடினான். இப்போது ஸ்கோடா திறக்கவில்லை. திரும்பக் கோடிங் போட வேண்டுமா?
– வாசகர், கோவை

அநேகமாக வேண்டாம். ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புது எண்ணை அனுப்பும். ஒருவர் அதைப் பிடித்து வைத்து மறுபடி ஒலிபரப்பித் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வண்டி தான் கடைசியாகக் கேட்ட எண்ணிலிருந்து சற்று முன்னே இருப்பதை மட்டும் ஏற்கும். வண்டிக்கு எட்டாத இடத்தில் அழுத்திக்கொண்டே போனால் ரிமோட் முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கிவிடும். இப்படி எண்ணை மாற்றி அனுப்புவதில் பரவலாகப் புழங்கும் கீலாக் முறையில் இந்த இடைவெளி 16 அழுத்தல். அதைத் தாண்டினாலும் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் பல வண்டிகள் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஸ்கோடாவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ரிமோட் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் ஓட்டுநர் கதவைப் பிளேடால் திறங்கள். இரண்டும் ஒத்துப்போய்விடும். பிறகும் மௌனமென்றால் செல்லை மாற்றிப் பாருங்கள்.

செல் மாற்றினால் கோடிங் அழியுமா?
– வாசகர், சேலம்

அழியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் நிற்கும் நினைவகத்தில் அது இருக்கிறது.

செல்லில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதன் இடத்தில் 2025 போட்டு, இடைவெளிக்கு அலுமினியத் தாள் மடித்து வைக்கும் வித்தையில் ஒரு வாரம் ஓடும், அப்புறம் தொடர்பு விட்டுவிட்டு வரும். புதுச் செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். செல் புதிதாக இருந்தும் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால், அதன் கீழிருக்கும் குட்டி மைக்ரோ சுவிட்ச் போயிருக்கும். மொபைல் பழுது பார்ப்பவர் சால்டர் செய்து மாற்றித் தருவார். ரிமோட்டை போன் கேமராவில் காட்டிச் சோதிப்பது டி.வி. ரிமோட்டுக்குத்தான். கார் ரிமோட்டின் ரேடியோ அலையைக் கேமரா காட்டாது.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் செல் முழுக்கத் தீர்ந்தாலும் பயம் வேண்டாம். உள்ளே இருக்கும் பிளேடால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஃபோபை (அந்த ஸ்மார்ட் சாவியை) ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். செல் வேண்டாத அந்தச் சிப் அப்போதுதான் கைகொடுக்கும். சில மாடல்களில் ஃபோபை வைக்கத் தனி இடம் உண்டு, கையேட்டில் பாருங்கள். பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. கீ மேக்கர் இருக்கும் சாவியை குளோன் செய்து தருகிறேன், மலிவு என்கிறார். சரிதானா?
– வாசகர், வேலூர்

குளோன் என்றால் இருக்கும் சிப்பின் நகல். வண்டியின் கணக்கில் புதுச் சாவி எதுவும் சேராது, இரண்டையும் ஒன்றென்றே நினைக்கும். இன்ஜின் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் தொலைந்த சாவி வண்டியின் பட்டியலில் அப்படியே இருக்கிறது. கண்டெடுத்தவருக்கு உங்கள் வண்டி எதுவென்று தெரிந்தால் போதும்.

தொலைந்தது சாக்கடையிலோ கடலிலோ என்று நிச்சயமாகத் தெரிந்தால் குளோன் போதும். எங்கே விழுந்தது என்றே தெரியாவிட்டால், ஸ்கேனரில் எல்லாச் சாவியையும் அழித்து, கையிலிருப்பதையும் புதியதையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். தொலைந்த சாவியின் பிளேடு அப்போதும் கதவைத் திறக்கும், இன்ஜினை மட்டும் ஓட்டாது. அதுவும் உறுத்தினால் பூட்டு செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் காப்பீட்டுப் பாலிசியில் சாவி மாற்றும் ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இருக்கிறதா என்று அதற்கு முன் பாருங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். வண்டி திருடுபோய் கிளெய்ம் கேட்கும்போது காப்பீட்டுக் கம்பெனிகள் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று ஏற்கெனவே தொலைந்ததென்றால் அந்தச் சமயத்திலேயே போலீசில் கொடுத்த புகாரின் ரசீதும் இந்தப் பில்லும்தான் உங்களுக்குச் சாட்சி.