நாமக்கோழி, தாழைக்கோழி என்ற இரண்டு நீர்ப்பறவைகளையும் எப்படிப் பிரித்தறிவது?

வளர்ந்த பறவையென்றால் நெற்றியே சொல்லிவிடும். அலகும் அதன் மேலுள்ள தகடும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் நாமக்கோழி. பெயரே அந்த நாமத்தால் வந்ததுதான். நெற்றி சிவந்து, சிவப்பு அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. இரண்டும் காணான்கோழிக் குடும்பம், வாத்துகள் அல்ல.

சிக்கல் வருவது இளம்பறவைகளிடம்தான். நெற்றித் தகடு வளர்ந்திருக்காது, அலகும் மங்கல். அப்போது முகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். தாழைக்கோழி வாலைத் தூக்கித் தூக்கி வெட்டும்; வாலடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். விலாவில் ஒரு வெளிர்கோடும் ஓடும், இளசுகளில் சற்றுப் பழுப்பேறியிருக்கும். எதிர்வெயிலில் உருவம் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தாலும் இந்த வாலாட்டம் கைகொடுக்கும். நாமக்கோழிக்கு வாலடியில் வெள்ளை கிடையாது. முதுகு உருண்டு, வால் தாழ்ந்தே இருக்கும். அதன் இளசுக்குத் தொண்டையும் மார்பும் அழுக்கு வெள்ளை. அதைப் பார்த்து முக்குளிப்பான் என்ற வேறொரு நீர்ப்பறவையாகக் குறித்துக்கொள்பவர்களும் உண்டு.

கரையேறிவிட்டால் சந்தேகமே வேண்டாம், காலைப் பாருங்கள். நாமக்கோழியின் விரல்களில் கணுவுக்குக் கணு மடல் மடலாகத் தோல் இருக்கும். காலைப் பின்னுக்குத் தள்ளும்போது அது விரிந்து துடுப்பாகும், முன்னே இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். ஆகவே அது கரையை விட்டு விலகித் திறந்த நீரில் கூட்டமாக நீந்தும், முங்கி நீர்த்தாவரங்களைப் பறித்து வரும். தாழைக்கோழிக்கு மடல் கிடையாது. நீண்ட, மெல்லிய விரல்கள். மிதக்கும் இலைகள்மேல் எடையைப் பரப்பி நடக்க அவை போதும். முங்குவது அபூர்வம், கோரைப்புதரை விட்டு அதிகம் விலகாது.

அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாமக்கோழி 36 முதல் 42 செ.மீ., தாழைக்கோழி 30 முதல் 38 செ.மீ. பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. நீந்தும்போது தலையை ஆட்டுவதும் அப்படித்தான், இரண்டுமே ஆட்டும். தண்ணீர்மேல் ஓடித்தான் இரண்டும் மேலெழும். பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது நாமக்கோழி.

குஞ்சுகளிடம் நெற்றி விதி தலைகீழாகிவிடும். இரண்டும் கறுப்புப் பஞ்சுருண்டைகள்தான். ஆனால் நாமக்கோழிக் குஞ்சுக்குத் தலை சிவப்பு, கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத் தூவி. தாழைக்கோழிக் குஞ்சுக்கு அந்த ஆரஞ்சுக் கழுத்து கிடையாது. சிவப்புத் தலையைக் கண்டதும் தாழைக்கோழி என்று எழுதிவிடாதீர்கள்.