மேக்ரோ என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: "மேக்ரோ கேமரா இருக்கு" என்று சொல்லித்தான் போனை விற்றார்கள். ஏற்காட்டில் காப்பிச் செடியில் ஊர்ந்த எறும்பை எடுத்தால் கலங்கலாக வருகிறது. போன் பழுதா? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: போன் பழுதில்லை, ஏமாற்றியது அந்தச் சொல். மேக்ரோ என்றால் பூச்சி போன்ற பொடிப் பொருளை மிக நெருக்கத்தில் பெரிதாக எடுப்பது. விலை குறைந்த போன்களில் மேக்ரோ என்று வைப்பது பெரும்பாலும் 2 மெகாபிக்சல் கேமரா. அதில் விவரம் எங்கிருந்து வரும்? மெயின் கேமராவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவாக இருக்கும்.

இந்தச் சொல் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. முன்பு 70-300 ஜூம் லென்ஸ் ஒன்றை, மேலே "மேக்ரோ" என்று இருந்ததை நம்பி வாங்கினேன். வீட்டில் பார்த்தால், பக்கத்திலேயே பொடி எழுத்தில் 1:4. அதாவது 4 செ.மீ. பொன்வண்டு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் 1 செ.மீ. அளவுக்குத்தான் விழும். என் கேமராவின் சென்சார் அகலமே சுமார் 23 மி.மீ. பொன்வண்டு பாதி இடத்தைக்கூட நிரப்பாது, எறும்பு வெறும் புள்ளி. 1:1 என்றால்தான் பூச்சி தன் நிஜ அளவில் சென்சாரில் விழும். கடையில் அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆஃபரில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். என் கேமராவில் மாட்டவே முடியவில்லை. கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: முடியாது. எந்த மவுண்ட், அதாவது எந்தக் கேமராவில் பொருந்தும் இணைப்பு வளையம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள்.

கேள்வி: பூச்சி எடுக்க ட்ரைபாட் வேண்டுமா?

பதில்: ஆரம்பத்தில் வேண்டாம்.

கேள்வி: பழைய டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. மேக்ரோ லென்ஸுக்குப் பணமில்லை. – கல்லூரி மாணவர், அம்மாபேட்டை

பதில்: எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள், தம்பி. உள்ளே கண்ணாடியே கிடையாது, லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் வெறும் குழாய்தான். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் போட்டாலே ஏறக்குறைய 1:1 வந்துவிடும். ஆனால் மின் இணைப்பு முனைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாததில், இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்ற முடியாது. முழுதாகத் திறந்த அபர்ச்சரில் எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், கால் கலங்கிவிடும். துளையைச் சுருக்கி எஃப்11 வரை போங்கள். வெளிச்சம் குறையும், அதற்குக் கேமராவின் சொந்த ஃபிளாஷே போதும். கண்ணைக் கூசாமல் இருக்க அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஏற்காட்டில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்புங்கள். குளிரில் விறைத்த தும்பி பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: புது ஃபிளாஷ் மூன்றாம் நாளே எரியவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லைக் காட்டி விரட்டுகிறார்கள். – வாசகி, குகை, சேலம்

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது, அம்மா. பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் உங்களுக்கு 30 நாள் உண்டு. அதற்குள் கடைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வையுங்கள்.