டி டிரைவைக் காணோம்!

கல்லூரி திறக்கிற பருவம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேப்டாப் கேள்விகள்தான், அதிலும் பெரும்பாலும் நம்ம மலைக்காரர்கள் கேட்டவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து நாலு பேருக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்குக் கோவையில் பொறியியல் இடம் கிடைத்தது. லேப்டாப்பையும் அங்கேயே வாங்கினோம். உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தது, "அது பத்தாதுங்க" என்று கடைக்காரர் இன்னொரு 1 டிபி எஸ்எஸ்டியையும் மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சி டிரைவ் மட்டும்தான் தெரிகிறது, டி-யைக் காணோம். காசை வாங்கிக்கொண்டு மாட்டாமலே விட்டுவிட்டாரா? மாட்டியிருந்தால் எதை எதில் வைப்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அதற்குள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடாதீர்கள். அநேகமாக மாட்டித்தான் இருப்பார், மாட்டியதோடு விட்டிருப்பார். கடையில் தனியாக வாங்குகிற எஸ்எஸ்டி (சுற்றுகிற தகடு இல்லாத சேமிப்பு டிரைவ்) பெரும்பாலும் தட்டு போடாத அலமாரி மாதிரிதான் வரும். விண்டோஸுக்கு அது இருப்பது தெரியும், ஆனால் எதையும் வைக்க முடியாது, அதனால் திஸ் பிசி-யில் காட்டாது. தட்டு போடுகிற வேலை பத்து நிமிஷம்கூட ஆகாது, மகனையே செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அதைத் திறந்ததுமே "புது டிஸ்க் ஒன்று இருக்கிறது, இனிஷியலைஸ் செய்யலாமா", அதாவது பயன்படுத்தத் தயார் செய்யலாமா என்று ஒரு பெட்டி வரும், டிஸ்க்கின் பிரிவுக் கணக்கை எந்த முறையில் எழுதுவது, எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி-யைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எம்பிஆர் பழைய முறை, 2 டிபி-க்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அப்புறம் கீழே அந்த டிஸ்க்குக்கு நேராக கறுப்புப் பட்டை போட்டு அன்அலொகேட்டட் என்று எழுதியிருக்கும். அதன்மேல் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், அதற்குப் பிறகு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்தான். எழுத்து டி, முறை என்டிஎஃப்எஸ், க்விக் ஃபார்மட் டிக் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கவனம். அதே திரையில் இன்னொரு டிஸ்க்கும் இருக்கும், நீலப் பட்டையோடு, சி-க்குப் பக்கத்தில் 100, 260 எம்பி என்று குட்டிக் குட்டித் துண்டுகளாக. "இது என்ன வேஸ்ட்டா கிடக்குது" என்று அதை அழித்துச் சுத்தம் செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப் எழுந்து நிற்பதே அந்தத் துண்டுகளில் ஒன்றை வைத்துத்தான். கறுப்புப் பட்டையைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

அந்தத் திரையிலும் புது டிஸ்க் தெரியவில்லை என்றால் மட்டும் கடைக்காரருக்குப் போன் போடுங்கள். சரியாகச் சொருகாமல் இருக்கலாம்.

இனி எதை எதில் வைப்பது. விண்டோஸும் மென்பொருள்களும் சி-யிலேயே இருக்கட்டும், 512 ஜிபி அதற்குத் தாராளம். சி-யை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே டிரைவ் இருந்த காலத்துப் பழக்கம் அது. பாடக் குறிப்பு, புராஜெக்ட், படம், சினிமா, பெரிய கேம் எல்லாம் டி-க்கு. டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் லொகேஷன், மூவ் என்று போனால் அதை அப்படியே டி-க்கு மாற்றிவிடலாம். ஆனால் முதலில் டி-க்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கிவிட்டு அதைக் காட்ட வேண்டும். வெறும் டி-யையே காட்டினால் டி டிரைவ் முழுசும் டாகுமென்ட்ஸ் ஆகிவிடும், அப்புறம் அதைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அந்த ஃபோல்டரை முன்பே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதன் பேக்கப்பை நிறுத்த வேண்டும். இலவசமாக அது தருவது 5 ஜிபி, பையன் ஒரு சுற்றுலா போய் வந்தாலே நிரம்பிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரைவ் இரண்டு இருக்கிறதே, ஒன்றில் இருப்பதை மற்றதிலும் போட்டு வைத்தால் பத்திரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு டிரைவ் செத்தால் சரி. பஸ்ஸில் பை காணாமல் போனால்? ஹாஸ்டலில் தண்ணீர் கொட்டினால்? இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி கோத்தகிரி வீட்டு பீரோவில் வையுங்கள். பையன் லீவுக்கு வரும்போதெல்லாம், சாப்பாட்டுக்கு முன்னால், டி-யை அதில் காப்பி செய்யச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் செய்ய மாட்டான்.

கேள்வி: 1 டிபி என்று அட்டையில் போட்டிருக்கிறது, திரையில் 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி 69 எங்கே?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: எங்கேயும் போகவில்லை, படிதான் வேறு. டிரைவ் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதே அரிசியைச் சின்னப் படியால் அளந்தால் ஆயிரம், கொஞ்சம் பெரிய படியால் அளந்தால் 931. இதே கணக்கில் 512 ஜிபி 476 ஆகவும் 256 ஜிபி 238 ஆகவும் தெரியும்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுப்பவன். லேப்டாப்பில் எஸ்எஸ்டி ஒன்று, சுற்றுகிற ஹார்டு டிஸ்க் ஒன்று. இவ்வளவு உயரத்தில், உறைபனியில் ஹார்டு டிஸ்க் தாங்காது, எடுத்துவிடு என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
- வாசகர், ஊட்டி

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் கால்வாசி உண்மை. ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தகடு சுற்றும்போது படிக்கிற முனை தகட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. காற்று ரொம்ப மெலிந்தால் முனை தகட்டில் உரசும், அதனால்தான் உயர வரம்பு என்று ஒன்று வைக்கிறார்கள். பொதுவாக அது 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியில் உட்கார்ந்து ஆல்பம் போட்டாலும் 2,637 மீட்டர்தான். உயரத்தை மறந்துவிடுங்கள்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் தெரியும், ஜனவரி காலையில் வெளியிலிருந்து டீ கொதிக்கிற கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்த லேப்டாப்பை மண்டபத்துச் சமையல்கட்டு ஓரம் திறந்து வைத்தால் அதே பனி உள்ளே போர்டின் மேல் படியும். உறைபனிக் காலத்தில் காலையிலேயே கிளம்பி சமவெளிக்கு இறங்கினாலும் இதே கதைதான். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

அடுத்தது குலுக்கல். மூடியை மட்டும் மூடிப் பையில் போடாதீர்கள், ஷட் டவுன் செய்யுங்கள். தூக்கத்தில் இருக்கிற லேப்டாப் தானாக விழித்துக்கொள்வது உண்டு. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, அதில் ஏதோ ஒரு வளைவில் வண்டி குழியில் இறங்கும்போது தகடு சுற்றிக்கொண்டிருந்தால் போச்சு. அணைத்துவிட்டால் முனை தகட்டை விட்டு ஒதுங்கி நின்றுகொள்ளும். நானாக இருந்தால், நடந்துகொண்டிருக்கிற கல்யாணத்தின் படங்களை எஸ்எஸ்டி-யிலும், ஆல்பம் கொடுத்து முடித்ததை ஹார்டு டிஸ்க்கிலும் வைப்பேன். வேகத்திலும் அதுதான் சரி. சுற்றுகிற டிஸ்க் வினாடிக்கு 100, 150 எம்பி-யில் மூச்சு வாங்கும், என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் போகும்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. இரண்டு டிரைவ் உள்ள லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நானே போடப் போகிறேன். எதில் ஜாக்கிரதை?
- வாசகர், குன்னூர்

பதில்: நான் அடிபட்டதைச் சொல்கிறேன், அதில் ஜாக்கிரதை. சில வருஷம் முன்பு என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி-யும் ஹார்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தபடியே விண்டோஸ் போட்டேன். இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி-யைத்தான் தேர்ந்தெடுத்தேன், சி-யும் அதில்தான் வந்தது, எல்லாம் சுபம். ஒரு வருஷம் கழித்து அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன், லேப்டாப் எழவே இல்லை. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து ராத்திரி ஒரு மணி வரை அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், முதல் கேள்வியில் சொன்னேனே குட்டித் துண்டு, லேப்டாப்பை எழுப்புவது, அது ஹார்டு டிஸ்க்கில் முன்பே ஒன்று இருந்திருக்கிறது. இன்ஸ்டாலர் விண்டோஸை எஸ்எஸ்டி-யில் வைத்துவிட்டுச் சாவியை மட்டும் ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்துவிட்டது. அதனால் விண்டோஸ் போடும்போது இரண்டாவது டிரைவைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுங்கள், முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம். கழற்ற முடியாத மாடல் என்றால் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கிற அமைப்புத் திரை) அதை முடக்கி வைக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

இன்ஸ்டாலரில் டிரைவே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். புதிய இன்டெல் லேப்டாப்களில் டிரைவ்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிற விஎம்டி என்று ஒன்று உண்டு, அதற்கான டிரைவர் என்கிற குட்டி மென்பொருளை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து பென் டிரைவில் போட்டு, லோடு டிரைவர் பொத்தானில் காட்டினால் தெரியும்.

எதையும் தொடுவதற்கு முன்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் லேப்டாப்பின் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டுகிற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் நம்மிடம் பெரிதாகச் சொல்லாமலே டிரைவைப் பூட்டி வைத்துவிடுகிறது. பயாஸில் கை வைத்த மறுநிமிஷம் அந்த எண்ணைக் கேட்டாலும் கேட்கும். தாளை லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.