ஒன்பதாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளி: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: என் மகள் எல்கேஜியிலிருந்து மெட்ரிக் பள்ளியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்தில் படிக்கிறாள். எட்டாம் வகுப்பு முடியப்போகிறது. ஒன்பதிலிருந்து முழு ஃபீஸ் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் ஹார்பரில் லோடு வண்டி ஓட்டுகிறார், எங்களால் முடியாது. நடந்துபோகும் தூரத்தில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வாசலில் ‘பிளஸ் டூ 96 சதவீதம்’ என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களோ “அங்கேயா சேர்க்கப் போறே?” என்று பயமுறுத்துகிறார்கள். நல்ல பள்ளியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: முதலில் சொந்தக்காரர்கள் கிளப்பிய பயத்தில் பாதியை இறக்கி வைத்துவிடுவோம். சமச்சீர்க் கல்வி வந்து சேர்ந்த 2011இலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். பத்தாவது பொதுத்தேர்வும் ஒன்றுதான். அங்கே ஆங்கில வழிப் பிரிவு இருந்தால் மகள் அதே புத்தகத்தைத்தான் பையில் போட்டுக்கொண்டு போவாள். நான் மாநகராட்சிப் பள்ளிகளில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

இப்போது அந்த பேனர். 96 சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. ஹாலுக்கே வராதவர்கள் அதில் சேர மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க சுமார் 50,000 பேர் வரவில்லை. எந்தப் பள்ளி பேனரிலும் அவர்கள் இல்லை. தனியார் பக்கம் வேறு ஒரு வித்தை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒன்பதாவது முடிந்ததும் மார்க் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையில் டிசியையும் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு! அப்படி வந்த பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், யாரையும் கழித்துவிடாமல் 85 வாங்கும் பள்ளி என் கணக்கில் அந்த நூறைவிட மேல்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ‘எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள்’ என்பதை. ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் எண் என்று 11 இலக்க எண் இருக்கும். யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பள்ளியின் விவரத் தாள் வரும். வகுப்புக்கு எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், கழிப்பறை எத்தனை என்று எல்லாம் அதில் உண்டு. வீட்டில் போன் பார்க்கும் பிள்ளை யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வருடத்து ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையையும் மறு வருடத்துப் பத்தாம் வகுப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 80 பேர் 76 ஆனால் பரவாயில்லை. 80 பேர் 60 ஆனால் அந்த இருபது பேர் எங்கே போனார்கள் என்று ஹெச்.எம்.மிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பத்துக்கும் பிளஸ் ஒன்னுக்கும் நடுவே எண்ணிக்கை ஏறி இறங்குவது வேறு விஷயம். சிலர் ஐடிஐ, பாலிடெக்னிக் போவார்கள், சிலர் வெளியிலிருந்து வந்து சேர்வார்கள். அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஆசிரியர். தாளில் இருக்கும் எண்ணிக்கை எனக்குப் போதாது. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒன்பது, பத்து எடுக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது தற்காலிகமாக ஆள் போட்டு ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். தற்காலிக ஆசிரியர் மட்டம் என்று சொல்லவில்லை. அவர்களிலும் நல்ல ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் வருட நடுவில் அவருக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் வகுப்பு அந்தரத்தில் நிற்கும். பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப், எந்த மீடியத்தில் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

சரி, எல்லாவற்றையும்விட நான் நம்புவது நோட்டைத்தான். அந்தப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை உங்கள் தெருவில் கட்டாயம் இருக்கும். அவளுடைய கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சிவப்பு டிக், ஒரே சாய்வு, தேதி கிடையாது என்றால் அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் போட்டது. நானும் போட்டிருக்கிறேன், அதனால் பார்த்தவுடன் தெரியும். நல்ல நோட்டில் தப்பு இருக்கும். காரணிப்படுத்தும்போது மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ் போட்டிருப்பாள். அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், கீழே தேதியோடு கையெழுத்து, அடுத்த வரியில் அவளே திருத்திப் போட்ட கணக்கு. இந்த மூன்றும் இருக்கிற வகுப்பில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்று அர்த்தம். தப்பே இல்லாமல் அழகாக இருக்கும் நோட்டு கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

அப்படியே அறிவியலுக்கும் பாருங்கள். பத்தாவது அறிவியலில் 100க்கு 25 மார்க் செய்முறைக்கு. ஒன்பதிலேயே லேபுக்கு அழைத்துப் போகிறார்களா, அல்லது பொதுத்தேர்வு நெருங்கும்போது ரெக்கார்ட் நோட்டை மட்டும் எழுதி முடிக்கிறார்களா என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் மாங்காய்க்காரர் பக்கத்தில் போய் நில்லுங்கள். வெளியே வரும் பெண்களிடம் “இன்னைக்கு எத்தனை பீரியட் டீச்சர் வந்தாங்கம்மா?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு பீரியட் போனால் விடுங்கள். மூன்று பேர் மூன்று நாள் “ரெண்டு பீரியட் சும்மாதான் இருந்தோம்” என்றால் யோசியுங்கள். இன்னொன்று, தண்ணீர் பாட்டில். காலையில் கொண்டுபோன தண்ணீரைக் குடிக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றால் கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பேனரைவிட அது அதிகம் சொல்லும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு கேள்வி உண்டு. பெருமழை வந்தால் மாநகராட்சிப் பள்ளிகளை நிவாரண முகாமாக எடுத்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். போன மழைக்கு எத்தனை நாள் பாடம் நின்றது, அதை எப்படி ஈடுகட்டினீர்கள் என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். ‘சனிக்கிழமை வைத்தோம்’ என்று தேதியோடு பதில் வந்தால் அவர் கையில் பள்ளி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு அம்மாதான். அவர் பெயரைக் கேட்டு வாங்கி, நேரில் பத்து நிமிடம் பேசுங்கள். அப்படி ஒருவர் இருப்பதே ஆபீஸில் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

கணக்கு, அறிவியல் ஆசிரியர் இல்லை, ஒன்பதிலிருந்து பத்துக்குள் கூட்டமாகப் பிள்ளைகள் குறைகிறார்கள் – இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் நான் வேண்டாம் என்பேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருப்பது, ஸ்மார்ட் போர்டு ஓடாமல் நிற்பது இதற்கெல்லாம் கலங்க வேண்டாம்.

அரசு உதவிபெறும் பள்ளியையும் பார்ப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் எட்டு வரை ஆர்டிஇயில் தனியாரில் படித்து, பிறகு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இப்படி ஆர்டிஇயில் படித்து வந்தவர்களுக்கு இடம் உண்டு. ஆகவே டிசி வாங்கும் நாளிலேயே, மகள் ஆர்டிஇ 25 சதவீத இடத்தில் படித்தாள் என்று பழைய பள்ளியில் சீலோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸ் என்ற அரசின் மாணவர் கணினிப் பதிவில், பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு அவள் பெயரை விட்டுவிட்டார்களா என்று அங்கேயே நின்று கேட்டுவிட்டு வாருங்கள். விடாவிட்டால் புதிய பள்ளியால் அவளைப் பதிவில் ஏற்ற முடியாது.