ஸ்பானிஷ் வினைச்சொற்களை எல்லாக் காலங்களிலும் சொல்ல எப்படிப் பழகுவது? அட்டவணை மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது

ஏதோ ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருப்பீர்கள். இரண்டாம் மாதம் கட்டம் கட்டமாக ஒரு பிடிஎஃப் வந்திருக்கும், அடுத்த வாரத்துக்குள் மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். வேலைக்காகத்தான் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்குக்குச் சேர்ந்தவர்கள் இந்தக் கட்டத்தில் ஓடிவிடுவார்கள், கேள்வியெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அந்த பிடிஎஃபை மூடி வையுங்கள். வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று விகுதியிலேயே ஆளைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஸ்பானிஷும் அதைத்தான் செய்கிறது, ‘நான்’, ‘நீ’ எல்லாம் பெரும்பாலும் தேவையே இல்லை. நமக்கு இடிப்பது வேறு இடத்தில். எந்த அசையை அழுத்துகிறோம் என்பது தமிழில் பொருளை மாற்றாது, அங்கே காலத்தையே மாற்றிவிடும். கட்டத்தைக் கண்ணால் பார்த்தால் இது பிடிபடாது. வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று கூட்டங்களில் ஆர் கூட்டம்தான் மிகப் பெரியது. அதிலிருந்து உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் ஒரு சொல்லை எடுங்கள். நான் எடுத்தது பகார், பணம் கட்டுவது. எனக்கு மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் பாக்கி வசூலிக்கும் வேலை, சென்னையில் நைட் ஷிஃப்ட். பாகோ என்றால் கட்டுகிறேன். அதையே கடைசியில் அழுத்திப் பகோ என்றால் அவர் கட்டினார். நடு அசையை அழுத்திப் பகாரோன், கட்டினார்கள். கடைசி அசையை அழுத்திப் பகரான், கட்டுவார்கள். பகாமோஸ் என்றால் கட்டுகிறோம், கட்டினோம் இரண்டும்தான். வசூல் வேலைக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

ஒரு மாதக் கடைசி. பெரிய பாக்கி ஒன்று, லைன் கரகரவென்று இருக்கிறது. அந்தப் பக்கத்து அம்மா ‘எல் பியேர்னெஸ்’, அதாவது வெள்ளிக்கிழமை, என்று தொடங்கி ஏதோ சொன்னார். போன வெள்ளியா, வருகிற வெள்ளியா என்பதை ‘எல் பியேர்னெஸ்’ சொல்லாது, வினைதான் சொல்ல வேண்டும். கூடக் கேட்டுக்கொண்டிருந்த டீம் லீட் ‘கட்டிட்டாங்கம்மா, லிஸ்ட்டிலிருந்து எடுத்துடு’ என்றார். எனக்குக் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தது தெளிவாகக் கேட்டது. ‘இல்ல சார், இனிமேதான் கட்டுவாங்க’ என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். மறுபடி லைனில் ‘யா பகாரோன், ஓ பான் ஆ பகார்?’ என்று கேட்டேன். கட்டியாயிற்றா, கட்டப் போகிறார்களா? ‘பான் ஆ பகார், செஞோரீதா.’ ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

அந்தப் பதிலிலேயே உங்களுக்கு ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. பேச்சில் எதிர்காலத்துக்குப் பெரும்பாலும் இந்த ‘போய் ஆ’ (செய்யப் போகிறேன்), ‘பான் ஆ’ (செய்யப் போகிறார்கள்) வகைதான் வரும். ஆகவே பகரான் மாதிரி வரும் எதிர்காலக் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

உண்மையான தலைவலி இரண்டு இறந்தகாலங்கள். பகே என்றால் கட்டினேன், முடிந்த கதை. பகாபா என்றால் அப்போதெல்லாம் கட்டுவேன், அல்லது கட்டிக்கொண்டிருந்தேன். ‘சின்ன வயதில் தினமும் வாய்க்காலில் குளிப்பேன்’ என்கிறோமே, அந்தக் குளிப்பேன் இருக்குமிடத்தில் இரண்டாவது வகையைப் போடுங்கள். ‘குளித்துக்கொண்டிருந்தேன், பாம்பு வந்தது’ என்றால் முதல் வினை இரண்டாவது வகை, பாம்பு முதல் வகை. ‘உயரமாக இருந்தான்’ போன்ற வர்ணனைக்கும் இரண்டாவதுதான். அங்கே குளிப்பேன் கணக்கு உதவாது என்று யாராவது கமென்ட்டில் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் படித்தவள் இல்லை, பி.காம். இந்த இரண்டாவது வகையில் ஒழுங்கில்லாத வினைகள் மூன்றே மூன்று: செர் (இருப்பது), இர் (போவது), பேர் (பார்ப்பது). முதல் வகையில்தான் கூட்டம் அதிகம். அதில் செர், இர் இரண்டுக்கும் ஒரே உருவம்: ஃபுய், ஃபுவே. போனேனா, இருந்தேனா என்பது வாக்கியத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

பென்ஸார், அதாவது நினைப்பது, ‘நினைக்கிறேன்’ என்னும்போது பியென்ஸோ ஆகிறது, ஆனால் ‘நினைக்கிறோம்’ என்னும் பென்ஸாமோஸ் மாறாமல் நிற்கிறது, ஏன் என்று குழம்பியிருப்பீர்கள். அதுவும் அழுத்தம்தான். அழுத்தம் வேரில் விழுந்தால் எகரம் உடைந்து ‘இயெ’ ஆகும், விகுதிக்குப் போய்விட்டால் உடையாது. எல்லா வினையும் இப்படி உடையாது, ஆனால் உடைகிறவை இந்த விதிப்படிதான் உடையும். இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. ஃபீஸ் மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

‘போஸோத்ரோஸ்’ வரிசையை, அதாவது ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு ஸ்பெயினில் பேசுவதை, மெக்சிகோ, கொலம்பியா வேலைக்குப் படிப்பவர்கள் விட்டுவிடலாம். அங்கே அது பேச்சில் இல்லை. டெலே என்னும் ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சித் தேர்வு எழுதுகிறவர்கள் பார்த்தால் அடையாளம் தெரியும் அளவுக்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஆப்களையும் நான் குறை சொல்லவில்லை, சொற்கள் சேர்க்க நல்லவை. ஆனால் திரையைத் தட்டித் தட்டி விகுதி வாய்க்கு வராது.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். இவ்வளவும் படித்து வேலைக்குப் போனால் மொழி அலவன்ஸ் என்று ஒன்று தருவார்கள். எங்களுக்கும் தந்தார்கள். அப்புறம் ஒரு அப்ரைசலில் ‘ஸ்பானிஷ் இப்போ நிறைய பேருக்குத் தெரியுதே’ என்று அதைச் சம்பளத்துக்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். பக்கத்து வரிசை ஜப்பானிய டீமுக்கு அலவன்ஸ் அப்படியே இருந்தது. அவர்கள் பகலில் வேலை பார்த்தார்கள், நாங்கள் விடிய விடிய. எச்.ஆரிடம் கேட்டால் மார்க்கெட் ரேட் என்கிறார்கள். சேரும்போதே ஆஃபர் லெட்டரில் அலவன்ஸைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், எவ்வளவு நாளைக்கு என்பதையும் சேர்த்து.