பூட்டில்லாத மடக்குக் கத்தி: கேள்விகளும் பதில்களும்

சட்டைப்பையில் அடங்கும் பூட்டில்லாத மடக்குக் கத்திகளை, அதாவது திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் பூட்டு இல்லாதவற்றைப் பற்றிச் சென்னை நண்பர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அம்பத்தூரில் டூல் ரூம் வேலை, அதாவது தொழிற்சாலைக்கான கருவிகளும் அச்சுகளும் செய்யும் வேலை, பார்த்தவன் நான். எஃகும் கூரும் என் துறை. சட்டமும் தற்காப்பும் அல்ல. தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: மடக்குக் கத்தியால் தேங்காய்ச் சில்லை நெம்பாதீர்கள்.

மடிப்பாக்கம்: ஐயா, கடைக்காரர் பூட்டுள்ள கத்தியைத்தான் வாங்கச் சொல்கிறார். நீங்கள் ஏன் பூட்டில்லாததைச் சொல்கிறீர்கள்?

நாள் முழுவதும் நம் கத்தி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பார்சல் பெட்டியின் டேப்பைக் கிழிக்கிறது, மாம்பழம் நறுக்குகிறது, மூட்டையின் சணலை அறுக்கிறது, பென்சில் சீவுகிறது. எதற்கும் பலம் தேவையில்லை. மெல்லிய அலகும் நல்ல கூரும் இருந்தால் போதும். பூட்டுள்ள கத்திகளில் பெரும்பாலானவை முரட்டு வேலைக்கென்று விற்கப்படுவதால் அலகைத் தடிமனாக வைக்கிறார்கள். தடித்த அலகு ஆப்பிளை நறுக்காது, பிளக்கும். பூட்டில்லாத கத்தியின் அலகு மெல்லியது. பழத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கும்.

அடுத்தது அதன் இயக்கம். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிக்கட்டை அந்தப் பட்டையின் நுனியை அழுத்தியபடியே சுழலும். அடிக்கட்டையில் இரண்டு இடங்களைத் தட்டையாக இழைத்திருப்பார்கள், ஒன்று மூடிய நிலைக்கு, மற்றொன்று திறந்த நிலைக்கு. அலகில் வெட்டியிருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுக்கும்போது பட்டை ஒரு மயிரிழை மேலே எழும்பி, அலகு முழுவதும் திறந்ததும் 'டக்' என்று இறங்கி உட்காரும். சில கத்திகளில் பாதி வழியில், 90 டிகிரியில், இன்னொரு தட்டை இடம் இருக்கும். மூடும்போது அலகு அங்கே ஒரு கணம் நின்று விரலை விலக்க நேரம் தரும். திறந்த கத்தியின் முதுகை விரலால் வருடிப் பாருங்கள். பட்டைக்கும் அலகுக்கும் நடுவே ஏற்ற இறக்கம் தட்டுப்படவில்லை என்றால், அதைச் செய்தவர் வேலை தெரிந்தவர். இவ்வளவு நேர்த்தியைப் பூட்டின் இயந்திரத்துக்குள் ஒளித்துவைக்க முடியாது. எல்லாம் வெளியே தெரிய வேண்டும். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

திறக்க இரண்டு கையும் வேண்டும் என்பதும் நல்லதே. அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் பெட்டியின் நாடாவை அறுக்க அதை எடுத்தால் யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

பெரம்பூர்: சட்டைப்பையில் கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இரண்டரை அங்குலப் பழக் கத்தி அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனாலும் நீதிமன்றம், தேர்தல் கூட்டம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெட்ரோ நிலையத்துக் காவலர் கேட்டால் வாதாடாதீர்கள். இதற்கு மேல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வேளச்சேரி: பூட்டு இல்லாவிட்டால் அலகு விரலின்மேல் மடங்கிவிடாதா? இவ்வளவு பெரிய ஆபத்தை எப்படிச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள்?

சாதாரணமாகப் பேசவில்லை. அலகு எப்போது மடங்கும் என்று பார்ப்போம். கூரான பக்கத்தால் அறுக்கும்போது விசை அலகைத் திறக்கும் திசையில் தள்ளுகிறது. முதுகின்மேல் அழுத்தம் விழுந்தால்தான் அது மடங்கும். எதையாவது முனையால் குத்தும்போதும், சிக்கிக்கொண்ட அலகை ஆட்டி உருவும்போதும், நெம்பும்போதும் முதுகில் அழுத்தம் விழுகிறது. இந்த மூன்றும் சட்டைப்பைக் கத்தி செய்யக்கூடாத வேலைகள்.

நம் வீடுகளில் மடக்கு அரிவாள்மனை இருந்ததே, அதற்கு யார் பூட்டுப் போட்டார்கள்? காய் கூரான பக்கத்தில் அழுந்துவதால் அலகு நிமிர்ந்தே நிற்கிறது. இங்கும் அதே கணக்குதான்.

திருவான்மியூர்: கடலோரத்தில் வீடு. கார்பன் எஃகு வாங்கலாமா, துருப்பிடிக்காத எஃகா?

துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். உங்கள் தெருவில் வீசும் காற்றில் உப்பு இருக்கிறது. கார்பன் எஃகை ஈரத்துடன் மூடி வைத்தால் மறுநாள் காலையில் அடிக்கட்டையில் செம்புள்ளி தெரியும். அதுவும் ஸ்பிரிங்குக்கு உள்பக்கம், துணி போகாத இடத்தில்.

கார்பன் எஃகுதான் வேண்டும் என்று மனம் கேட்டால் வாங்குங்கள், ஆனால் தினமும் துடைக்க வேண்டும். எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் அலகு நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். அது அழுக்கு அல்ல. தேய்த்து எடுக்காதீர்கள், துருவை ஓரளவு தாமதப்படுத்தும். வாழைக்காயும் வாழைப்பூவும் வேறு கதை. அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். அலகும் கறுக்கும், காயும் கறுக்கும்.

வில்லிவாக்கம்: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துக் கூர் ஏற்றலாமா?

கூடாது. அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்தான் சரியான ஆள். அவர் தொழிலை மதிக்கிறேன். ஆனால் காய்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகை வைத்தால் நொடியில் சூடேறும். கார்பன் எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டிலேயே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் பயன்படும் கார்போரண்டம் கல் கிடைக்கும். கல்லின்மேல் கத்தியைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அது 90 டிகிரி. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி சுமார் 22. இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும். கல்லிலிருந்து மெல்லிய சீவலை அரிந்தெடுப்பதுபோல, கூரை முன்னால் விட்டு இழுங்கள். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி மெதுவாக நகர்த்தினால் ஒரு பிசிறு தட்டுப்படும். அது அடி முதல் முனை வரை தட்டுப்பட்ட பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் அதற்கு முன்பே திருப்பிவிட்டு, கல்லைக் குறை சொல்கிறார்கள்.

கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு, மழுங்கிய கூர் திரும்பிவிடும். தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள். வழுக்காமல் இறங்கினால் கூர் சரி.

வேளச்சேரி: அரிவாள்மனைக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஓப்பினெல் கத்திக்கே வளையப் பூட்டுப் போட்டார்களே. பூட்டுத் தேவையில்லை என்றால் அவர்கள் ஏன் போட்டார்கள்?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஓப்பினெல் 1890இல் பிரான்சின் சவாய் பகுதியில் பிறந்தது. வளையப் பூட்டு, அதாவது பிடியின் தலையில் திருப்பி அலகை நிறுத்தும் உலோக வளையம், 1955இல் வந்தது. நடுவில் 65 ஆண்டுகள் மலைநாட்டு விவசாயிகள் பூட்டில்லாமலே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுத்தார்கள். இன்றும் அதன் சின்ன எண்களுக்கு வளையம் கிடையாது.

ஆனால் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓப்பினெல்லில் முதுகு ஸ்பிரிங்கே இல்லை. அலகைப் பிடித்து வைத்திருப்பது மரப்பிடியின் இறுக்கம் மட்டுமே. மரம் வறண்டால் தளரும், ஈரத்தில் ஊதும். அப்படிப்பட்ட கத்திக்கு வளையம் நியாயமான துணை. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பிடி ஊதி அலகு திறக்கவே மறுக்கும். வைத்திருப்பவர்கள் அறிவார்கள். நான் பேசிக்கொண்டிருப்பது ஸ்பிரிங் உள்ள கத்தியைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொளத்தூர்: வேளச்சேரி நண்பர் சொல்வதே சரி. நான் எலெக்ட்ரீஷியன். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒயர் உறை சீவ வேண்டும். எனக்குப் பூட்டில்லாத கத்தி எப்படி உதவும்?

உதவாது. உங்களுக்குப் பூட்டுள்ள கத்தியே சரி. இன்னும் சொன்னால், மடங்காத கத்தி. ஒற்றைக் கை, உயரம், கோணலான பிடி மூன்றும் சேர்ந்தால் முதுகில் எப்போது அழுத்தம் விழும் என்று சொல்ல முடியாது. நான் பரிந்துரைப்பது இரண்டு காலும் தரையில் இருப்பவர்களின் சட்டைப்பைக்கு.

வேளச்சேரி: அப்படியானால் பூட்டு கூடுதல் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

கொளத்தூர்க்காரரின் வேலைக்கு ஒப்புக்கொள்கிறேன். எல்லா வேலைக்கும் அல்ல. பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் கத்தியை உளியாகவும் நெம்புகோலாகவும் பயன்படுத்தியவர்களின் கத்திகள் பழுதுக்கு வந்து பார்த்திருக்கிறேன். பூட்டின் விளிம்பு தேய்ந்து, வெளியே பூட்டியதுபோலத் தெரியும், உள்ளே பிடிமானம் இருக்காது. அந்தக் கத்தி ஒருநாள் கைவிடும், அப்போது கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். பூட்டில்லாத கத்தியோ முதல் நாளிலிருந்தே ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. தவறாக அழுத்தினால் அலகு லேசாக அசைந்து கைக்குச் சொல்லிவிடும், கையும் கற்றுக்கொள்ளும். வேலையைப் பொறுத்துக் கத்தி என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை என்று நினைக்கிறேன்.

தாம்பரம்: ஐயா, பையில் கத்தி வைத்திருந்தால் போலீஸ்...

பெரம்பூர் நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நங்கநல்லூர்: என் மகனுக்கு வயது பத்து. தாத்தாவின் பேனாக்கத்தியைக் கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அம்மா, நீங்களோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பள்ளிக்கு ஒருபோதும் போகக்கூடாது. முதலில் மூடக் கற்றுக்கொடுங்கள், திறக்க அல்ல. பிடியை ஒரு கையில் வைத்து, விரல்கள் பள்ளத்துக்கு வெளியே இருக்க, மறு உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மூட வேண்டும். அடுத்து, சோப்புக் கட்டியைச் சீவ விடுங்கள், உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக. மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் ஆபத்து குறையும் என்று நினைக்காதீர்கள். மழுங்கியது வழுக்கும், குழந்தை கூடுதலாக அழுத்தும்.

ராயபுரம்: இரவில் தனியாக வருகிறேன். தற்காப்புக்கு எந்தக் கத்தி நல்லது?

எதுவும் இல்லை. அதற்காக வாங்காதீர்கள்.

அண்ணா நகர்: மகன் லண்டனில் படிக்கிறான். அங்கே மடக்குக் கத்தி வைத்திருக்கலாமா?

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டில்லாத மடக்குக் கத்தி, கூர்நீளம் 3 அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால் பொது இடத்தில் காரணம் கேட்க மாட்டார்கள். பூட்டு இருந்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தகுந்த காரணம் காட்ட வேண்டும். கல்லூரி விடுதிக்குத் தனி விதி இருக்கும், அதை அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

சைதாப்பேட்டை: சுவிஸ் கத்தி என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவினால் வேண்டாம். சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 84, 91 மி.மீ. (மூடிய நீளம்) கத்திகளுக்குப் பூட்டுக் கிடையாது, 111 மி.மீ. வரிசைக்கு உண்டு. முதல் கத்திக்கு 84 மி.மீ. அலுமினியப் பிடி போதுமானது. மெலிதாக இருக்கும், சட்டைப்பை தொங்காது.

குரோம்பேட்டை: எண்ணெய் போட வேண்டுமா? தேங்காய் எண்ணெய் போதுமா?

நாள்பட்டால் தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஆணி இருக்கும் இடத்தில். அதற்கு முன் வெந்நீரில் சோப்புக் கரைத்து, கத்தியை நீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடி, பஞ்சும் மணலும் வெளியேறச் செய்து, நன்றாக உலர்த்துங்கள். பலாப்பழம் அறுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அலகில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பால் ஒட்டாது.

கோடம்பாக்கம்: தேங்காய்ச் சில்லை எடுக்கும்போது முனை உடைந்துவிட்டது. ஒட்ட வைக்கலாமா?

இதை முதல் பத்தியிலேயே சொன்னேன். ஒட்ட முடியாது. கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துப் புது முனை வைக்கலாம். கூர்ப் பக்கத்தைத் தொடாதீர்கள். முனை முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், வேலைக்குக் குறையில்லை. தேங்காய்க்கு மழுங்கிய கரண்டிக் காம்பு போதும்.

ஆவடி: ஐயா, கத்தி வைத்திருந்தால் போலீஸ்...

மேலே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

போரூர்: பழைய கத்தியின் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். ஆணியின் தலை வெளியே தெரிந்தால் சரிசெய்யலாம். ஒரு பக்கத்து ஆணித் தலையை கனமான இரும்புக் கட்டையின்மேல் வைத்து, மறுபக்கத் தலையைச் சிறிய பால்பீன் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் மெதுவாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்; இன்னும் ஒரு தட்டு தட்டினால் ஸ்பிரிங்கும் சேர்ந்து இறுகி, திறக்கவே நகம் உடையும். பிளாஸ்டிக் பிடியால் மூடியிருந்தால் நீங்கள் தொடாதீர்கள். நிறுவனத்தின் பழுதுநீக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.